இனி அம்மாவின் முறை!

கணவர் மறைந்து, பிள்ளைகளும் ஊர்விட்டுப் போன பிறகு அம்மாக்கள் தேடிக்கொள்ளும் புது வாழ்க்கை... குறுக்கே நிற்கும் பழைய தடைகள்!

காலை ஆறரை மணி. மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட். நனைந்த சாக்குகளின் மேல் மல்லிகை மொட்டுகள் குவிந்துகிடக்கின்றன. உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமிருந்து வந்த மூட்டைகள் பிரியப் பிரிய, விலை ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. கூட்டத்துக்குள் புகுந்து ஒரு குவியலில் கையை விடுகிறார் 66 வயது அம்மா ஒருவர். மேலே கிடப்பதைத் தள்ளிவிட்டு அடியிலிருந்து நாலு மொட்டுகளை எடுத்து, ஒன்றைக் கட்டைவிரலால் லேசாக அழுத்திப் பார்க்கிறார். நுனியில் பச்சை ஓடி, விறைப்பாக நிற்கும் மொட்டு சாயங்காலம்வரை தாங்கும். முழுக்க வெளுத்துவிட்டது மதியத்துக்குள் வாய் திறந்துவிடும். அப்புறம் அதை யாரும் வாங்க மாட்டார்கள்.

"ஒரு கிலோ போடுப்பா. மேலாக்க வெளுத்ததைத் தள்ளிட்டுப் போடு."

"உங்கள ஏமாத்த முடியுமாத்தா?" என்றபடி தராசில் அள்ளி வைக்கிறார் கடைக்காரர்.

அந்த அம்மாவின் நெற்றியில் பொட்டு இல்லை. தலையில் பூ இல்லை. கணவர் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. மகளைத் திருப்பூரில் கட்டிக் கொடுத்துவிட்டார். மகன் துபாயில் ஏசி மெக்கானிக். பூவைத் துணிப்பையில் வாங்கிக்கொண்டு டவுன் பஸ் ஏறினால், பத்து மணிக்குள் வீட்டுத் திண்ணையில் நாரும் மொட்டுமாக உட்கார்ந்துவிடுகிறார். நாலரை மணிக்குத் தெருமுனைப் பிள்ளையார் கோயில் பக்கத்தில் கடை. எட்டு மணிக்குக் கூடை காலி.

"மவன் மாசம் தவறாமப் பணம் அனுப்புறான் தம்பி. 'உனக்கு என்னம்மா குறை, பேசாம வீட்டுல இரு'ங்கிறான். பேசாம இருன்னா, யார்கிட்ட பேசாம இருக்கிறது? பேசுறதுக்கே ஆளு இல்லையே" என்கிறார். மகன் விமானம் ஏறிய பிறகு மூன்று மாதம் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டே கிடந்தாராம். பக்கத்து வீட்டுப் பெண் தன் மகள் சடங்குக்குப் பூக் கட்ட ஆள் இல்லாமல் தவித்தபோது, ராத்திரி முழுக்க உட்கார்ந்து கட்டிக் கொடுத்தார். ஆனால், மறுநாள் சடங்கு நடந்த இடத்துக்கு அவர் போகவில்லை. அவரை யாரும் வர வேண்டாம் என்று சொல்லவில்லை. கூப்பிடவும் இல்லை.

இப்போது அந்தத் தெருவில் எந்த விசேஷம் என்றாலும் முதல் போன் இவருக்குத்தான் வருகிறது.

ஆயிரக்கணக்கான வீடுகளில் ஓர் அம்மா

இன்று தமிழ்நாட்டின் எந்தத் தெருவிலும் இப்படி ஒரு வீடு இருக்கிறது. அப்பா படத்துக்கு மாலை, பூட்டிக்கிடக்கும் மாடி, கீழே ஓர் அம்மா. காரைக்குடியின் பெரிய வீடுகளில், ஸ்ரீரங்கத்து அக்ரஹாரத்தில், கோவை அபார்ட்மென்ட்டில், தர்மபுரி குக்கிராமத்தில் என்று இடம் மாறலாம், நிலைமை ஒன்றுதான்.

காரணங்கள் எல்லோரும் அறிந்தவை. நம்மூரில் கணவனைவிட மனைவி வயதில் சிறியவர். ஆண்களைவிடப் பெண்கள் கூடுதல் காலம் வாழ்கிறார்கள். மனைவியை இழந்த ஆணுக்கு மறுமணம் நடக்கிறது, பெண்ணுக்கு அபூர்வம். ஆக, கடைசிப் பத்து, பதினைந்து வருடங்களைத் தனியாகக் கழிப்பவர் பெரும்பாலும் அம்மாதான். படிப்பும் வேலையும் பிள்ளைகளை பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் அமெரிக்காவுக்கும் கொண்டுபோய்விட்டன. பிள்ளைகள் படித்து மேலே வர வேண்டும் என்று ராப்பகலாக உழைத்ததும் இதே அம்மாக்கள்தான் என்பதால், போனவர்களைக் குற்றம் சொல்லவும் அவர்களுக்கு வாய் வருவதில்லை.

நம் கவலை, போனவர்களைப் பற்றியது அல்ல. இருப்பவருக்கு என்ன ஆகிறது என்பதுதான்.

---
■ எண்கள் சொல்வது என்ன?

• 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 சதவிகிதம். மத்திய அரசின் கணிப்பில் 2021-ல் இது 13.6 சதவிகிதம், 2031-ல் 18.2 சதவிகிதமாக உயரும். பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு.

• 2017-18-ல் நடந்த இந்திய முதியோர் ஆய்வின்படி, நாட்டில் 60 வயதைத் தாண்டிய பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கணவரை இழந்தவர்கள். ஆண்களில் மனைவியை இழந்தவர்கள் இதைவிட மிகக் குறைவு.

• உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்படுவதாகவும், இதனால் ஆண்டுக்கு 8,71,000 இறப்புகள் நேர்வதாகவும் உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூனில் அறிவித்தது.
---

ஒரு டம்ளர் அரிசி

கோவையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. மூன்று படுக்கையறை கொண்ட வீட்டில் 68 வயது அம்மா தனியாக இருக்கிறார். கணவர் வங்கி அதிகாரி; கொரோனா காலத்தில் போய்விட்டார். பெரியவன் நியூ ஜெர்சியில். சின்னவள் மெல்போர்னில். பணத்துக்குக் குறைவில்லை. குடும்ப ஓய்வூதியம் வருகிறது.

சமையலறையைப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். எட்டுப் பேருக்குச் சமைத்த பாத்திரங்கள் பரணில் கவிழ்ந்துகிடக்கின்றன. அடுப்பின்மேல் ஒரே ஒரு சின்ன குக்கர். "ஒரு டம்ளர் அரிசி வெச்சா ரெண்டு நாளைக்கு வருது. ராத்திரிக்குத் தண்ணி ஊத்தின சாதம், மோரு, ஊறுகாய். எனக்குன்னு ஒரு பொரியல் பண்ணத் தோண மாட்டேங்குது" என்கிறார். நாற்பது வருடம் மற்றவர்களின் ருசிக்குச் சமைத்தவர். தனக்கு என்ன பிடிக்கும் என்று நாம் கேட்டபோது, சற்று யோசித்துவிட்டு, "அவருக்கு வத்தக்குழம்பு பிடிக்கும்" என்றார்.

மருத்துவமனைகளில் ரத்தச்சோகையோடும், ஏறி இறங்கும் சர்க்கரையோடும் வரும் வயதான பெண்களின் கதை பல நேரம் இந்தச் சின்ன குக்கரில்தான் தொடங்குகிறது. மாத்திரை எழுதித் தரலாம். யாருக்காகச் சமைப்பது என்ற கேள்விக்கு மருந்துச் சீட்டில் இடமில்லை.

ஹாலின் மூலையில் கேமரா ஒன்று சிவப்பு விளக்கோடு நிற்கிறது. மகன் வாங்கி மாட்டியது. அம்மா கீழே விழுந்துவிட்டால் தெரிய வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால், இரவு பதினோரு மணிக்கு விளக்கு எரிந்தால் அங்கிருந்து போன் வருகிறது: "ஏம்மா இன்னும் தூங்கலே?" அதனால் இப்போதெல்லாம் தூக்கம் வராத இரவுகளில் அவர் விளக்கைப் போடாமல் இருட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார். அக்கறையோடு செய்த ஏற்பாடு, அம்மாவின் வீட்டுக்குள் அம்மாவே அனுமதி கேட்கும் நிலையை உண்டாக்கிவிட்டது. பிள்ளைகள் இதைத் தயவுசெய்து யோசிக்க வேண்டும். கீழே விழுந்தால் அழுத்துவதற்கு கழுத்தில் மாட்டும் பட்டன் இருக்கிறது. பக்கத்து வீட்டாரிடம் ஒரு சாவி கொடுத்து வைக்கலாம். இருபத்து நான்கு மணி நேரமும் பார்த்துக்கொண்டே இருப்பது துணையாகாது.

பேரன் பள்ளிக்கூடம் போகும்வரை...

வெளிநாட்டுப் பிள்ளைகள் உள்ள அம்மாக்களுக்கு இன்னொரு வேலை காத்திருக்கிறது. மகளுக்குப் பிரசவம், மருமகளுக்குப் பிரசவம். அமெரிக்காவுக்கு விசிட்டர் விசாவில் போனால் வழக்கமாக ஆறு மாதம் தங்கலாம். பத்தியச் சாப்பாடு, குழந்தைக்கு எண்ணெய்க் குளியல், மற்றவர்கள் வேலைக்குப் போன பிறகு வீட்டுக் காவல். பேரப்பிள்ளையைத் தூக்குவதில் கிடைக்கும் சந்தோஷத்தை எந்தப் பாட்டியும் குறைத்துச் சொல்ல மாட்டார். ஆனால், கார் ஓட்டத் தெரியாமல், குளிரில் வெளியே நடக்க முடியாமல், ஜன்னல் வழியாகப் பனியைப் பார்த்துக்கொண்டு கழியும் பகல்களைப் பற்றியும் அவர்கள் சொல்கிறார்கள். அதைக் கேட்கத்தான் ஆள் வேண்டும்.

குழந்தை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் டிக்கெட் போட்டு ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். திரும்பி வரும் அம்மாவின் கை, மறுபடியும் காலி. பேரப்பிள்ளைகளை வளர்ப்பதுதான் வயதான பெண்ணின் இயல்பான கடமை என்று நாம் வைத்திருக்கும் கணக்கின் ஓட்டை இதுதான். அது பிள்ளைகளின் தேவைக்கு ஏற்பத் தொடங்கி, பிள்ளைகளின் வசதிக்கு ஏற்ப முடிந்துவிடுகிறது. அம்மாவுக்கு வேண்டியது, அவரே தொடங்கி அவரே முடித்துக்கொள்ளக்கூடிய ஒரு வேலை.

வாழ்வதற்கு ஒரு நோக்கம் இருப்பது உடம்புக்கும் நல்லது என்பதற்கு ஆய்வுகள் உண்டு. அமெரிக்காவில் 50 வயதைக் கடந்த 6,985 பேரின் விவரங்களை அலசி 2019-ல் வெளியான ஓர் ஆய்வு, வாழ்க்கையில் பிடிப்பு இல்லை என்று சொன்னவர்களிடையே இறப்பு அதிகம் இருந்ததைக் காட்டியது. நோய் இருப்பதால் பிடிப்பு போகிறதா, பிடிப்பு போவதால் நோய் வருகிறதா என்பதை இது ஒன்றைக்கொண்டு முடிவுகட்ட முடியாது. ஆனால், இரண்டும் கைகோத்து நடக்கின்றன என்பது நம் வீட்டு அம்மாக்களைப் பார்த்தாலே தெரிகிறது.

அன்று சைக்கிள்... இன்று புத்தகம்

புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமம் ஒன்று. மாலை ஐந்தரை மணிக்கு ஒரு வீட்டு வாசலில் பாய் விரிகிறது. பள்ளிவிட்டு வந்த பிள்ளைகள் பதினைந்து பேர் சுற்றி உட்கார, நடுவில் 62 வயது அம்மா. யாரும் சம்பளம் தருவதில்லை. பாடம் நடத்துவதும் இல்லை. ஒரு பிள்ளை கதைப் புத்தகத்தை உரக்க வாசிக்க வேண்டும். மற்றவர்கள் கேட்க வேண்டும். தடுக்கினால் அந்த வார்த்தையை எல்லோரும் சேர்ந்து சொல்ல வேண்டும். அவ்வளவுதான். எழுத்துக்கூட்டித் திணறிய நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் நாம் போயிருந்தபோது ஒரு பக்கத்தை நிற்காமல் வாசித்து முடித்தான். அம்மா ஒன்றும் பேசவில்லை. அவன் தலையில் கை வைத்துவிட்டு, "அடுத்த பக்கம்" என்றார்.

இவர் யார் தெரியுமா? 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் தொடங்கியபோது தொண்டராக வேலை செய்தவர். அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத்தின் முயற்சியில், எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள் அந்த மாவட்டத்துப் பெண்கள். பல்லாயிரக்கணக்கான பெண்கள் பெடல் மிதித்த காலம் அது. அன்று இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருந்த பெண்கள் இன்று அறுபதைத் தொட்டிருக்கிறார்கள். கணவரை இழந்தவர்கள் எத்தனையோ பேர். பிள்ளைகள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள்.

"வீட்டுக்காரர் செத்த வருஷம் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. அறிவொளியில கூட வேலை பாத்த அக்கா ஒருத்தவங்க வந்து, 'ஒனக்குத்தான் பிள்ளைகளச் சேத்து உக்கார வைக்கத் தெரியுமே'ன்னாங்க. நான் மறந்தே போயிருந்தேன். அவங்க ஞாபகப்படுத்தினாங்க" என்கிறார் அந்த அம்மா.

ஒரு காலத்தில் வெளியே வந்து, நாலு பேரோடு சேர்ந்து ஒரு காரியம் செய்த பெண்ணுக்கு அறுபது வயதில் மறுபடி எழுவது எளிதாக இருக்கிறது. திருமணமான நாளிலிருந்து வாசல்படி தாண்டாத பெண்ணுக்கு அது மலையாக இருக்கிறது. அதனால்தான் மகளிர் சுய உதவிக் குழுவில் இருந்த பெண்களும், நூறு நாள் வேலைக்குப் போய்ப் பழகிய பெண்களும் கணவர் மறைவுக்குப் பிறகு சீக்கிரம் நிமிர்ந்துவிடுகிறார்கள். 1989-ல் தர்மபுரியில் தொடங்கிய குழு இயக்கம் கடன் கொடுத்து வாங்கியதோடு நிற்கவில்லை. வாரம் ஒருநாள் வீட்டைவிட்டு வெளியே வந்து உட்கார ஒரு காரணத்தையும் கொடுத்தது. சுனாமிக்குப் பிறகு கடலூர், நாகப்பட்டினம் கடலோரங்களில் 'ஹெல்ப்ஏஜ் இந்தியா' அமைப்பு முதியோர்களுக்கென்றே இப்படிப்பட்ட குழுக்களை உருவாக்கியது. இளம் பெண்கள் மட்டும் உள்ள குழுக்களில் ஓரமாக உட்கார்ந்திருந்த பாட்டிகள், தங்கள் குழுவில் கணக்குப் புத்தகத்தைத் தாங்களே கையில் எடுத்தார்கள்.

2021 மே மாதம் தொடங்கிய மகளிர் இலவச பஸ் பயணத்தையும் இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். மாதச் செலவில் மிச்சம் எவ்வளவு என்றுதான் அதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். மாட்டுத்தாவணியில் நாம் சந்தித்த அம்மா வேறொன்றைச் சொன்னார்: "முன்னாடி மார்க்கெட்டுக்குப் போகணும்னா மவன்கிட்ட காசு கேக்கணும். எதுக்குன்னு கேப்பான். இப்ப எதுக்குன்னு யாரும் கேக்குறதில்ல."

---
■ வழிகாட்டிய பெண்கள்

சகோதரி சுப்பலட்சுமி (1886-1969): சிறுவயதிலேயே கணவரை இழந்தவர். 1911-ல் சென்னை மாகாணத்தின் முதல் இந்துப் பெண் பட்டதாரி ஆனார். இளம் விதவைகள் தங்கிப் படிக்க சாரதா இல்லத்தைத் தொடங்கினார். மெரினா கடற்கரையின் ஐஸ் ஹவுஸ் அவர்களின் விடுதி ஆனது. பலருக்குத் தெரியாத செய்தி: 56 வயதில், 1942-ல் மயிலாப்பூரில் வயதுவந்த பெண்களுக்கென்று ஸ்ரீ வித்யா கலாநிலையம் என்ற பள்ளியையும் தொடங்கினார்.

கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன்: கணவரோடு சேர்ந்து, நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு, குறிப்பாகப் பெண்களின் பெயரில் நிலம் வாங்கித் தந்தவர். 2013-ல் கணவர் மறைந்த பிறகும் ஏழைகளுக்கு வீடு கட்டித் தரும் பணியை விடவில்லை. 2020-ல் பத்ம பூஷண்.

பாகீரதி அம்மா: கேரள மாநிலம் கொல்லத்தைச் சேர்ந்தவர். முப்பதுகளில் கணவரை இழந்து, ஆறு பிள்ளைகளை வளர்த்தவர். 2019-ல், 105 வயதில் நாலாம் வகுப்புக்கு இணையான தேர்வை எழுதினார்; தேர்ச்சியும் பெற்றார்.
---

வாசலில் நிற்கும் தடை

வெளியே வர நினைக்கும் பெண்ணை முதலில் தடுப்பது, பெரும்பாலும் ஊர்தான். கல்யாண வீட்டில் ஆரத்தி எடுக்க அழைப்பதில்லை. காலையில் எதிரே வந்தால் முகம் சுளிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சொந்த மகளின் வளைகாப்பில் வளையல் போடக் கூப்பிடாமல், சமையல்கட்டில் நிற்க வைக்கப்பட்ட அம்மாக்களை நம் எல்லோருக்கும் தெரியும்.

கோபிசெட்டிபாளையம் பகுதியில் ஒரு கோயில் திருவிழாவுக்குத் தன் மகனோடு போக விரும்பினார் ஒரு பெண். அவருடைய கணவர் அதே கோயிலில் பூசாரியாக இருந்து இறந்தவர். விதவை என்று சொல்லித் தடுத்தார்கள். அவர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2023 ஆகஸ்டில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இத்தகைய பழக்கத்துக்குச் சட்டத்தின் ஆட்சி நடக்கும் நாட்டில் இடமில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லி, அந்தப் பெண்ணைத் தடுக்கக் கூடாது என்று உத்தரவிட்டார். அதற்கு முந்தைய ஆண்டு, மகாராஷ்டிரத்தின் கோலாப்பூர் மாவட்டத்தில் ஹேர்வாட் என்ற கிராமம், கணவர் இறந்ததும் வளையலை உடைப்பது, பொட்டை அழிப்பது போன்ற சடங்குகளைக் கிராம சபையில் தீர்மானம் போட்டு நிறுத்தியது. மற்ற ஊர்களும் இதைப் பின்பற்ற வேண்டும் என்று மாநில அரசே சுற்றறிக்கை அனுப்பியது. பெரியார் மண் என்று பெருமை பேசும் நம் கிராம சபைகளில் ஏன் இப்படித் தீர்மானங்கள் வரிசையாக வரக் கூடாது?

கோர்ட் உத்தரவும் தீர்மானமும் போதாது. மகளின் வளைகாப்பில் முதல் வளையலை அம்மா போடட்டும் என்று சொல்ல வேண்டியவர் மகள்தான். அதற்குச் சட்டம் வேண்டியதில்லை.

ஒரு கையெழுத்தில் கைமாறும் வீடு

இந்தக் கட்டுரைக்காகப் பலரிடம் பேசியதில், எல்லாவற்றையும்விட நம்மைக் கலங்க வைத்தது வீட்டுப் பத்திர விவகாரம்தான். கருமாதி முடிந்த கையோடு பேச்சு தொடங்கிவிடுகிறது. "அம்மா, உனக்கு அப்புறம் அலைய வேண்டாம், இப்பவே எழுதிடலாம்." குடும்பத்துக்குள் எழுதும் தான செட்டில்மென்ட்டுக்கு முத்திரைத் தீர்வையில் உச்சவரம்பு உண்டு, செலவு குறைவு. அழுது ஓய்ந்த நிலையில் இருக்கும் அம்மா, படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறார். அதன்பிறகு வீடு அவருடையது இல்லை. மகன் நல்லவனாக இருந்தாலும் மகனுக்கு ஒன்று ஆகிவிட்டால்?

நாகப்பட்டினத்தில் அதுதான் நடந்தது. 87 வயது அம்மா ஒருவர், தன்னைப் பார்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையில் வீட்டை மகன் பெயருக்கு எழுதி வைத்தார். மகன் இறந்துவிட்டார். மருமகள் கவனிக்கவில்லை. அந்த அம்மா கோட்டாட்சியரிடம் முறையிட, செட்டில்மென்ட் பத்திரம் ரத்து செய்யப்பட்டது. மருமகள் வழக்குப் போட்டார். 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அம்மாவின் பக்கம் நின்றது. பத்திரத்தில் 'என்னைப் பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனை வெளிப்படையாக எழுதப்படாவிட்டாலும், அன்பின் பேரில் எழுதிக் கொடுத்ததிலேயே அந்த எதிர்பார்ப்பு அடங்கியிருக்கிறது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அதே ஆண்டு ஜனவரியில், ஊர்மிளா தீட்சித் வழக்கில் உச்ச நீதிமன்றமும் மூத்த குடிமக்கள் சட்டத்தை முதியவர்களுக்கு அனுகூலமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று கூறியிருந்தது.

தீர்ப்பு ஆறுதல் தருகிறது. ஆனால், தள்ளாத வயதில் ஒரு பெண் கோட்டாட்சியர் அலுவலகப் படியேற வேண்டிய நிலை வந்ததே, அதை எதைக் கொண்டு ஈடுகட்டுவது?

வீடு கையில் இருப்பது வெறும் சொத்து விவகாரம் இல்லை. தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பூக் கட்டுவதற்கும், தன் வாசலில் பாய் விரித்துப் பிள்ளைகளை உட்கார வைப்பதற்கும் வாசல் தன்னுடையதாக இருக்க வேண்டும். மகன் வீட்டு ஹாலில் அப்படிப் பாய் விரிக்க எந்த அம்மாவுக்கு மனம் வரும்? நாம் சந்தித்தவர்களில், நிமிர்ந்து நின்ற ஒவ்வொருவரிடமும் வீடோ, தன் பெயரில் ஒரு வங்கிக் கணக்கோ, குறைந்தபட்சம் கேள்வி கேட்காமல் வெளியே போய்வரும் உரிமையோ இருந்தது. இவற்றில் எதுவுமே இல்லாதவரிடம் போய் 'ஏதாவது பொழுதுபோக்கு வெச்சுக்கங்க' என்று சொல்வது கொடுமை.

---
■ கையெழுத்துப் போடும் முன்...

• இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-ன்படி, உயில் எழுதாமல் இறந்த கணவரின் சொந்தச் சொத்தில் மனைவிக்கும் மகன், மகள் ஒவ்வொருவருக்கும் சம பங்கு. மாமியார் உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. அப்படி வந்த பங்கு அந்தப் பெண்ணின் முழு உரிமைச் சொத்து.

• விடுதலைப் பத்திரம் என்பது உங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம். வாசித்துக் காட்டச் சொல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

• செட்டில்மென்ட் எழுதிப் பதிவுசெய்துவிட்டால் நினைத்தபோது திரும்பப் பெற முடியாது. உயில் உங்கள் காலத்துக்குப் பிறகே நடைமுறைக்கு வரும். எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். செட்டில்மென்ட்தான் எழுத வேண்டும் என்றால், ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமையையும் பராமரிப்பு நிபந்தனையையும் தெளிவாக எழுதுங்கள்.

• பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ன்கீழ், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுத்து மாதம் 10,000 ரூபாய்வரை பராமரிப்புத் தொகை கேட்கலாம். கவனிக்காத பிள்ளைக்கு எழுதிய சொத்தை ரத்து செய்யக் கோர 23-வது பிரிவு வழிசெய்கிறது.

• முதியோர் உதவி எண்: 14567. பெண்கள் உதவி எண்: 181.
---

நாற்பதோடு நிற்கும் திட்டங்கள்

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. ஆதரவற்ற விதவைகளுக்கான ஓய்வூதியம் 2023 ஆகஸ்டில் மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது. கணவரை இழந்த பெண்களுக்கும் ஆதரவற்ற மகளிருக்கும் என்று தனி நல வாரியம் இருக்கிறது. கணவரை இழந்த ஏழைப் பெண்களுக்கு ஆடு கொடுக்கும் திட்டமும் நடந்திருக்கிறது.

ஆனால், இவற்றுக்குப் பின்னால் ஒரு நினைப்பு இருக்கிறது. வயதான விதவை என்றால் உதவித்தொகை கொடுக்க வேண்டியவர். தொழில் கற்றுக்கொடுக்க வேண்டியவர் அல்ல என்ற நினைப்பு. சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விதவைகளுக்கும் பொருந்தும் நல்ல திட்டம். வயது வரம்பு 20 முதல் 40. நாற்பது வயதில் ஒரு பெண்ணுக்குப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள். மூச்சுவிட நேரம் இருக்காது. கை ஓய்ந்து, நேரம் கிடைத்து, 'நமக்கென்று ஒன்று' என்று அவர் நினைக்கத் தொடங்கும் ஐம்பத்தைந்தாவது வயதில், மனு கொடுக்கவே வழியில்லை. அந்த வயதில் தையல் தெரிந்த கை இன்னும் இருபது வருடம் தைக்கும்.

மகளிர் மேம்பாட்டு நிறுவனம் முதியோர் குழுக்களைப் பேச்சளவில் வைக்காமல் ஊராட்சிதோறும் உருவாக்க வேண்டும். நூலகங்களில் மாலை நேரக் கதை வாசிப்புக்கு ஊரில் உள்ள பாட்டிகளை அழைக்கலாம். அங்கன்வாடியில் தாலாட்டு பாடவும், பத்தியச் சமையல் சொல்லித்தரவும், நாற்றங்கால் பார்க்கவும் தெரிந்தவர்கள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். மதிப்பூதியம் கொடுங்கள், அதைவிட முக்கியம், வருகைப் பதிவேட்டில் அவர்கள் பெயரை எழுதுங்கள்.

இன்னொரு பேச்சையும் ஒதுக்கிவிட முடியாது. துணை. ஐம்பதுகளில் கணவரை இழந்த பெண் மறுபடி ஒரு துணையைத் தேடினால், முதலில் எதிர்ப்பது வெளிநாட்டில் இருக்கும் படித்த பிள்ளைகளாக இருப்பதைப் பார்க்கிறோம். 1856-லேயே விதவை மறுமணத்துக்குச் சட்டம் வந்துவிட்ட நாடு இது. அந்த முடிவு அம்மாவுடையது. வேண்டும் என்றாலும், வேண்டாம் என்றாலும்.

பிள்ளைகளிடம் சில வார்த்தைகள்

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒரு மகள் போனில் சொன்னார்: "அம்மா வத்தல் போட்டு அக்கம்பக்கத்துல விக்கிறாங்கன்னு கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்துச்சு. நாங்க பாத்துக்கலைன்னு ஊர் சொல்லுமேன்னு. அப்புறம் லீவுல வந்து பார்த்தேன். மொட்டை மாடியில நாலு பொண்ணுங்களை வெச்சு வேலை வாங்கிட்டிருக்காங்க. என்னைவிட நல்லா மேனேஜ் பண்றாங்க."

ஊர் என்ன சொல்லும் என்ற பயம் அம்மாக்களைவிடப் பிள்ளைகளுக்கே அதிகம் இருக்கிறது. அம்மா பூ விற்றால், இட்லி சுட்டு விற்றால், டியூஷன் எடுத்தால் அது உங்களுக்கு அவமானம் இல்லை. 'ஓய்வெடு' என்று சொல்வதற்கு முன், அவர் ஓய்வைக் கேட்டாரா என்று யோசியுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் 'சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா' என்பதோடு நிறுத்தாமல், இந்த வாரம் அவர் யாரைச் சந்தித்தார், என்ன செய்தார், அடுத்து என்ன செய்யப்போகிறார் என்று கேளுங்கள். வங்கிக் கணக்கை அவர் பெயரில் வையுங்கள். ஏடிஎம் அட்டையையும் ரகசிய எண்ணையும் அவரிடமே விடுங்கள். ஊருக்கு வரும்போது வாங்கிவரும் புடவையோடு, அவர் தொடங்க நினைக்கும் வேலைக்கு முதல் தேவை என்னவோ அதையும் வாங்கிக் கொடுங்கள்.

அப்பா வைத்துவிட்டுப் போன வீட்டில் அம்மாவின் பங்கை, அம்மா இருக்கும்வரை அம்மாவின் பெயரிலேயே இருக்க விடுங்கள்.